நிற எண் ஏழு

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுச் சின்னையனுக்கு ஒரே மகள். பெயர் மாரி, வயது ஆறு. மாசி மாதம் அவளுக்கு அம்மை போட்டு, பதினைந்து நாளில் இறங்கியது. அதற்குப் பிறகு அவளிடம் ஒரு புதுப் பழக்கம் தென்பட்டது. பகலெல்லாம் கோழிக்குஞ்சுகளோடு ஓடுவாள். பொழுது பலாமரத்துக்குப் பின்னால் இறங்கியதும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அங்கே இல்லாத ஒரு சுவரைத் தேடுவாள்.

"அப்பா, வெளக்க ஆரு அணைச்சது?" என்பாள்.

விளக்கு ஏற்றவே இல்லை. எதிரே நிற்பவர் முகம் தெரிகிற அளவுக்கு வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

சித்திரை பிறந்தபோது அவள் இடது கண்ணின் வெள்ளையில், சோப்பு நுரை ஒட்டிக் காய்ந்ததுபோல ஒரு புள்ளி வந்தது. சின்னையன் அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மலையிறங்கினான். மலைக்குப் பஸ் ரோடு வராத காலம் அது. காரவள்ளி வரை நடை, அங்கிருந்து சேந்தமங்கலத்துக்கு ஒரு புளி லாரி.

சந்தைக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருந்த சின்னுசாமி கம்பவுண்டர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த நொரை கருமுழிக்கு ஏறிச்சுன்னா கண்ணு அவிச்ச முட்டையாட்டம் ஆயிரும், சின்னையா. அப்பறம் ஆரு வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு மாசமோ, மிஞ்சிப் போனா மூணு மாசமோதான். எங்கிட்ட மீனெண்ணெ தீந்துபோச்சு. நேரா நிறச்சத்து வாரியத்துக்குப் போ. கப்பல்ல வந்த செம்பனை எண்ணெ நாப்பது டின் வெச்சிருக்கறாங்க. மலைக்காரங்களுக்கு இனாமாக் குடுக்கத்தான் வந்துது. தெனம் ஒரு கரண்டி குடு, பத்து நாள்ல வித்தியாசம் தெரியும்."

செம்பனை எண்ணெயைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நம் பனைக்குத் தூரத்து உறவான ஒரு கடல்கடந்த மரத்தின் பழத்தில் எடுப்பது அது. சாமந்திக்கும் செம்பருத்திக்கும் நடுவில் ஒரு நிறம். அந்த நிறம் அலங்காரத்துக்கு வந்ததல்ல. உடம்புக்குள் போனால், உடம்பு அதை இரண்டாக வெட்டி, மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கண்ணுக்கு வேண்டிய சரக்கைச் செய்துகொள்ளும். உடம்புக்கு வெளியே டின்னில் இருக்கும்போது அதற்கு இன்னொரு வேலை: காவல். காற்றில் இருக்கிற பிராணவாயு எண்ணெயைக் கண்டால் சும்மா விடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் காறலாக்கும். வெயிலும் சேர்ந்துவிட்டால் கடி வேகமாகும். அந்த நேரத்தில் நிறம் முன்னால் போய் நின்று முதல் கடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. தான் வெளுத்துப்போய் எண்ணெயைக் காப்பாற்றுகிறது. நிறம் தீர்ந்த பிறகுதான் எண்ணெய் நாறத் தொடங்கும். சம்பளம் வாங்காமல், ஒரு வார்த்தை பேசாமல், இருந்த இடத்திலேயே நின்று பார்க்கிற வேலை.

நிறச்சத்து நல வாரியத்தில் வேலை பார்த்த மற்றவர்கள் இப்படி அல்ல.

வாரியத்தின் சேந்தமங்கலம் ஆபீசில் டெபுடி டைரக்டராக இருந்தவர் காளியண்ணன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை விரிப்பு. மேஜை மேல் மட்டும் ஓர் அட்டை. அதில் இளமஞ்சள் முதல் கருஞ்சிவப்பு வரை ஏழு கட்டங்கள் வரிசையாக அச்சிடப்பட்டு, ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருந்தது. உலகத்தில் உள்ள நிறச்சத்து எல்லாம் அந்த ஏழு கட்டத்துக்குள் அடங்கும் என்பது வாரியத்தின் முடிவு.

சின்னையன் போனபோது வெள்ளிக்கிழமை. முற்றத்தில் நாற்பது டின்களும் வெயிலில் மூடி திறந்து கிடந்தன. பியூன் அண்ணாமலை ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு எண்ணெய் எடுத்து, அட்டையோடு ஒட்டிப் பிடிப்பார். காளியண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து எண் சொல்வார்.

"எதுக்குங்க தொறந்து வெச்சிருக்குது?" என்று சின்னையன் மெதுவாகக் கேட்டான்.

"வாராவாரம் நிறத்தைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. நல்ல வெயிலில்தான் நிறம் சரியாகத் தெரியும் என்பதும் விதி," என்றார் காளியண்ணன். "வாரியம் வருவதற்கு முன்னால் எண்ணெயை எல்லாரும் மூடியே வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது."

சின்னையன் மகளை முன்னால் நிறுத்தி, கம்பவுண்டர் சொன்னதைச் சொன்னான். ஒரு கரண்டி எண்ணெய் கேட்டான்.

"ஒரு கரண்டி கொடுத்தால் நாற்பது டின் என்பது நாற்பது டின்னாக இருக்குமா? திறப்பு விழா நடக்கவில்லை. மெட்ராசிலிருந்து வாரியத்தின் பெரியவர் வந்து முதல் கரண்டியைக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலைத்தான் விழாவுக்கு எடுத்திருக்கிறோம். மூன்று தடவை தேதி வைத்தோம். முதல் தடவை அவருக்கு ஜலதோஷம். இரண்டாவது தடவை அவர் டிரைவருக்கு. மூன்றாவது தடவை ஜலதோஷம் யாருக்கும் இல்லை, ஆனால் விழா தள்ளிவைப்பு என்ற கடிதம் அதற்கு முன்பே டைப் ஆகிவிட்டது."

திடலைப் பற்றிச் சின்னையனுக்கு நன்றாகவே தெரியும். வாரியம் அதைச் சுற்றிக் கயிறு கட்டி, விழா முடியும்வரை வேறு காரியத்துக்கு ஆகாது என்று பலகை வைத்திருந்தது. அவன் வீட்டில் அதனால் ஒரு சங்கடம். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அடுப்பில் எண்ணெயோ நெய்யோ ஏறினால் தாய்க்கு, அதாவது மாரியம்மனுக்கு, ஆகாது. அம்மை இறங்கிய பின் திடலில் பொங்கல் வைத்து, நெய் ஊற்றிப் படைத்தால்தான் தடை நீங்கும். ஒரு மாதத்தில் முடிகிற சமாசாரம். இந்தத் தடவை பொங்கல் வைக்கத் திடல் இல்லை. அதனால் மாரி மாசியிலிருந்து கேழ்வரகுக் களியும் உப்புப் போட்டு அவித்த கீரையும் மட்டுமே தின்றுகொண்டிருந்தாள். மருந்துக்குத் தடை இல்லை, அடுப்புக்குத்தான்.

"புள்ளைக்குக் கண்ணு போயிருமுங்க," என்றான் சின்னையன்.

காளியண்ணன் கல்நெஞ்சர் அல்ல. "அவசர நோயாளிக்கு முன்கூட்டியே கொடுக்க ஐந்தாவது விதியில் இடம் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் கண் தெரியவில்லை என்று இந்த ஆபீசில் நேரடியாக நிரூபித்தால் போதும். ஆபீஸ் நேரம் பத்திலிருந்து ஐந்து."

"அஞ்சு மணிக்கு நல்லாத் தெரியுதுங்களே."

"அப்படியானால் நோய் இல்லை."

அண்ணாமலைதான் ஒரு வழி சொன்னார். பழைய ஃபைல் கட்டுகள் அடுக்கிய அறைக்கு ஜன்னல் இல்லை; கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் இருட்டு. காளியண்ணனுக்கு அந்த யோசனை பிடித்தது. தானே குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே போனார். அண்ணாமலையும் போனார். கதவு சாத்தப்பட்டது. பிறகு ஏதோ பெஞ்சு உருண்டது. "ஐயோ" என்று ஒரு குரல். அது குழந்தையின் குரல் அல்ல.

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்த காளியண்ணன் அறிக்கை சொல்ல, அண்ணாமலை எழுதினார்.

"இருட்டறையில் குழந்தைக்குக் கண் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பியூனுக்கும் தெரியவில்லை. எனக்கு நோய் இல்லை. ஆகவே இருட்டில் கண் தெரியாதிருப்பது நோய் அல்ல."

அறிக்கையின் கீழே சின்னையனின் கைநாட்டு வாங்கப்பட்டது. அன்று மலையேறும்போது பாதி வழியிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. மாரி அவன் தலைமுடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வைகாசியில் அவன் மறுபடியும் இறங்கினான். நுரைப் புள்ளி அகலமாகியிருந்தது. இந்தத் தடவை தெருமுனையிலேயே ஒரு நாற்றம் எதிரே வந்தது. நனைந்த நாய்த்தோலும் பழைய பெயிண்டும் கலந்த நாற்றம். டின்கள் வழக்கம்போல வெயிலில் இருந்தன. உள்ளே எண்ணெய் வெளுத்து, சலவைக்காரர் கொட்டிய தண்ணீர்போல் இருந்தது. காவல் நின்ற நிறம் தன் பங்குக் கடியை முழுக்க வாங்கித் தீர்ந்துபோயிருந்தது. மேலே தோல்போல ஏதோ கட்டி, அதில் ஒரு பல்லி செத்து மிதந்தது. அண்ணாமலை அதை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எண் ஒன்று," என்றார் காளியண்ணன். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. "வந்தபோது ஐந்து. மேலிடத்துக்கு என்ன எழுதுவேன்?"

"நாத்தமும் அடிக்குதுங்க," என்றார் அண்ணாமலை.

"நாற்றத்துக்கு ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை. இந்த வாரியம் நிறத்துக்குப் பொறுப்பு. மூக்குக்குப் பொறுப்பான வாரியம் வேறு ஏதாவது இருக்கும்."

சின்னையன் அன்று முழுக்க முற்றத்து ஓரத்தில் குத்தவைத்திருந்தான். அதனால் அடுத்து நடந்ததைக் கண்ணால் பார்த்தான். முதலில் மிட்டாய்க் கடையிலிருந்து கேசரிக்குப் போடும் கலர்ப்பொடி வந்தது. அண்ணாமலை முழங்கை வரை டின்னுக்குள் விட்டுக் கலக்கினார். பொடி கலக்கவில்லை, அடியில் போய்ச் சேறாக உட்கார்ந்தது. தண்ணீரில் கரையும் சாயம் எண்ணெயில் கரையாது. எண்ணெயில் கரையும் சாயம் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காது. இது சாயப் பட்டறையில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். வாரியத்துக்கு இது ஒரு புதிய கண்டுபிடிப்பு என்பதால் தனி ஃபைல் திறந்தார்கள். அதன்பின் ஆபீஸ் தரைக்குப் பூசும் சிவப்பு மெழுகு வந்தது. அந்தச் சாயம் எண்ணெய்க்கென்றே பிறந்தது. ஒரு டின்னுக்கு ஒரு டப்பா. கலக்கக் கலக்க எண்ணெய் சிவந்தது. அண்ணாமலையின் கை தோள் வரை ஆட்டை அறுத்தவன் கைபோல ஆகிவிட்டது. ஒரு வாரம் அவர் இடது கையால்தான் சாப்பிட்டாராம்.

காளியண்ணன் அட்டையை ஒட்டிப் பிடித்தார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஏழு."

அவர் அதை நம்பவும் செய்தார் என்பதுதான் இதில் விசேஷம். சாயங்காலம் சின்னையனைக் கூப்பிட்டு முகமலர்ச்சியோடு சொன்னார்: "ஆனி பதினைந்து விழா. உன் மகளுக்குத்தான் முதல் கரண்டி. போட்டோவுக்குக் குழந்தை என்றால் நன்றாக இருக்கும். நீ டோலி தூக்க வந்துவிடு."

சின்னையனுக்கு அந்த நாற்றம் மறக்கவில்லை. ஆனால் கம்பவுண்டர் சொன்னதும் மறக்கவில்லை. மருந்து என்றால் நாறத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.

விழாவன்று காரவள்ளியில் இரண்டு டோலிகள் நின்றன. ஒன்றில் காளியண்ணன் ஏறினார். மற்றதில் பெரியவர் ஏற வேண்டும். அவர் வரவில்லை. அவருடைய போட்டோ வந்திருந்தது. கண்ணாடி போட்டு, மாலை போட்டு, மடியில் குடை வைத்து. அதைச் சின்னையனும் இன்னும் மூவரும் தோளில் சுமந்து செங்குத்தான பாறைப் பாதையில் ஏறினார்கள். வளைவில் டோலி சாய்ந்தபோதெல்லாம் பின்னால் வந்த டோலியிலிருந்து காளியண்ணன் கத்தினார்: "பார்த்து! அவருக்குத் தலை சுற்றும்!"

டின்கள் தலைச்சுமையாக வந்தன. பிளாஸ்டரில் செய்து வர்ணம் அடித்த கேரட், தக்காளி, மாம்பழமும் கூடைகளில் வந்தன. கேரட்டை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. கண்ணாயி, அதாவது சின்னையனின் மனைவி, அது உழவு மாட்டுக்குக் கொம்பில் மாட்டுவதோ என்று கேட்டாள்.

திடலில் பந்தல் போட்டிருந்தது. காளியண்ணன் வந்ததும் முதலில் ஊர்ச் சாப்பாட்டை ஆய்வு செய்தார். கண்ணாயி ஒரு சட்டியில் களியும் அவித்த கீரையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் அட்டையைக் களியின் மேல் பிடித்தார். மண் நிறத்துக்குக் கட்டம் இல்லை. கீரையின் மேல் பிடித்தார். பச்சைக்கும் கட்டம் இல்லை.

"களி: நிறம் இல்லை. கீரை: நிறம் இல்லை," என்றார். அண்ணாமலை எழுதிக்கொண்டார்.

கீரையின் பச்சைக்கு அடியில், அந்தச் செம்பனையில் இருந்த அதே மஞ்சள் ஒளிந்திருக்கிறது. இலை பழுத்தால் பச்சை விலகி மஞ்சள் வெளியே தெரிவது அதனால்தான். இதை அறிய ஓர் இலையைப் பழுக்க விட்டால் போதும். வாரியத்துக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அதற்கு முன்பே கோழிக் குழம்பும், மூட்டை கட்டித் தூக்கிவந்த வெள்ளை அரிசிச் சோறும் தயாராகியிருந்தன.

சாப்பாடு முடிந்து, பல் குத்திய குச்சியைக் காதில் செருகிக்கொண்டு காளியண்ணன் பேச எழுந்தார்.

"மலைவாழ் பெருமக்களே! ஆயிரம் வருஷமாக நீங்கள் நிறமில்லாத உணவைத் தின்று வந்திருக்கிறீர்கள். இது உங்கள் குற்றம் அல்ல. உங்களிடம் அட்டை இல்லை. எங்களிடம் அட்டை இருக்கிறது. இந்த எண்ணெய் கப்பலில் வந்தபோது நிற எண் ஐந்து. வாரியம் அதைச் சும்மா விட்டுவிடவில்லை. பதினாறு வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தது. இன்று அதன் எண் ஏழு! உலகத்தில் எங்கும் எண்ணெய் வைத்தால் வெளுக்கும். சேந்தமங்கலத்தில் மட்டும் சிவந்திருக்கிறது. இதற்காக எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவர் முடிவு செய்வார்." போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு தலைமை ஆபீசிலிருந்து வந்த தாளைக் கட்டாயத்துக்காக வேகவேகமாகப் படித்தார். "கீரை, பறங்கி, பப்பாளி முதலியவற்றிலுள்ள நிறச்சத்து தண்ணீரில் கரையாது. ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்தால்தான் உடம்பில் ஒட்டும். சேர்க்காவிட்டால் தின்ற கீரை கண்ணுக்குப் போகாமல் வயிற்றோடு வெளியே போய்விடும். மாலைக்கண் உள்ளவர்களுக்கு இதுவே போதுமான... சரி, இது நீளமாக இருக்கிறது. உங்களுக்குத் தேவையில்லை."

பந்தல் காலுக்குப் பக்கத்தில் மகளோடு நின்ற சின்னையன் நிமிர்ந்தான்.

"ஏனுங்க சாமி, இப்பப் படிச்சதை இன்னொருக்காப் படியுங்க."

"நிகழ்ச்சி நிரலில் ஒரு தடவைதான் போட்டிருக்கிறது. குழந்தையைக் கொண்டு வா."

சின்னையன் நகரவில்லை. "அப்ப எம் புள்ளை நாலு மாசமாத் தின்ன கீரையெல்லாம் வீணுங்களா? எண்ணெ சேக்காததுனாலயா?"

காளியண்ணன் அவனைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. "கேள்வி நேரம் என்று ஒன்று வைக்கவே இல்லையே, அப்பா."

அண்ணாமலை பின்னால் வந்து காதோடு சொன்னார். "ஆமா சின்னையா. அந்தத் தாள்ல அதான் இருக்குது. சித்திரையில நீ மொதத் தடவை வந்தப்பவே அது மேசை மேலதான் கெடந்துது."

சின்னையன் வாயைத் திறப்பதற்குள் மாரியைத் தூக்கி நாற்காலியில் நிறுத்திவிட்டார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். காளியண்ணன் டின்னுக்குள் கரண்டியை விட்டு எடுத்தார். ரத்தம்போல் சொட்டியது. நாற்றம் பந்தல் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். கண்ணாயி எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க, இதென்னங்க நாத்தம்! எலி செத்துக் கெடக்கறாப்பல! அதைப் புள்ளை வாயில ஊத்தாதீங்க, சாமி!"

கரண்டி அதற்குள் வாய்க்குள் போய்விட்டது. மாரி ஒரு கணம் அப்படியே நின்றாள். கன்னம் உப்பியது. போட்டோக்காரர் "ரெடி" என்றார். குழந்தை எதிரே இருந்த வெள்ளைச் சட்டையின் மேல் எண்ணெயையும், காலையில் குடித்த கூழையும் சேர்த்துக் கக்கினாள்.

கூழ் வழிந்து போயிற்று. சிவப்பு போகவில்லை. தரை மெழுகின் சாயம் துணியில் பட்டால் போகாது, அதற்கென்றே செய்தது.

"அருமை," என்றார் காளியண்ணன், நெஞ்சைக் கீழே பார்த்துவிட்டு. "நிறம் உடம்பில் ஒட்டும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா?" அவர் கை கொட்டினார். அண்ணாமலையும் கொட்டினார்.

சின்னையன் மகளின் வாயைத் தன் துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே கண்ணாயியிடம் ஒரே வார்த்தை சொன்னான். "நெய்யை எடுத்துட்டு வா."

அந்த நெய் அம்மை காண்பதற்கு முன்பே, மாசிப் பிறப்பில் உருக்கி மண் கலயத்தில் ஊற்றி, பிறகு பொங்கலுக்கென்று உறி கட்டி வைத்தது. மாடு வறண்ட பிறகு வீட்டில் இருந்த நெய் அது ஒன்றுதான். உருக்கும்போது கண்ணாயி எல்லாப் பெண்களையும்போல ஒரு பிடி முருங்கை இலையைப் போட்டிருந்தாள். இலை நெய்யில் பொரியும்போது தன் காவல் சரக்கைக் கொஞ்சம் அதில் விட்டுவிடும். காற்று வந்து கடித்தால் முதல் கடி அதற்குத்தான். நாலு மாதம் இருட்டு மூலையில் தொங்கிய அந்தக் கலயத்தை ஒருவரும் வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்க்கவில்லை. கண்ணாயி அன்று மூடியைத் திறந்தபோது, நேற்று உருக்கியதுபோல மணத்தது.

டோலிகள் கண்ணுக்கு மறைந்ததும் வாரியத்தின் கயிற்றைக் கழற்றி அதால் விறகைக் கட்டினார்கள். வாரியத்தின் பலகையை வெட்டி அடுப்பில் வைத்தார்கள். திடலிலேயே பொங்கல் பொங்கியது. நெய் ஊற்றித் தாய்க்குப் படைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் சின்னையன் வீட்டில் நாலு மாதத்துக்குப் பிறகு கடுகு வெடித்தது. பறங்கி இலைக் கீரை, மேலே ஒரு கரண்டி நெய். மாரி தட்டை வழித்துத் தின்றாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். நெய் தீர்ந்ததும் சந்தையில் வாங்கிய நல்லெண்ணெய். காலையில் பப்பாளி. பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ பொழுது மறைந்த பிறகு மாரி எழுந்துபோய், தவறிய குஞ்சு ஒன்றைப் பிடித்துவந்து கூடையில் விட்டாள். அதைப் பார்த்த கண்ணாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை எடுக்கவில்லை. "இன்னொண்ணு வேலியண்ட நிக்குது பாரு, கண்ணு," என்றாள். அங்கே நின்றதையும் பிடித்துவந்தாள். அப்புறம்தான் கண்ணாயி அழுதாள்.

இனாமாக வந்த டின்களில் ஒன்றை ஊருக்கென்று விட்டுப் போயிருந்தார்கள். அதைக் கொட்டப் பயந்து, பாதையோரம் பாறைமேல் வைத்தார்கள். ஒரு நாள் காட்டுப்பன்றி அதைக் கவிழ்த்தது. ஒரு வாய் வைத்துவிட்டு அதுவும் போய்விட்டது.

ஆடியில் காளியண்ணன் பயன் அறிக்கை எழுத வந்தார். அதே சட்டை, நெஞ்சில் இருந்த சிவப்புக் கறையைச் சுற்றி நீல மையால் ஒரு வட்டம் போட்டு, சின்னமாக ஆக்கியிருந்தார். மாரியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். நுரைப் புள்ளி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"வாரிய எண்ணெயால் குணம். இரண்டு கைநாட்டு வேண்டும். முன்பு நோய் இருந்தது என்று ஒன்று, இப்போது இல்லை என்று ஒன்று."

"நோயே இல்லைன்னு அன்னைக்கு எழுதுனீங்களே சாமி. அதுக்கும் எங் கைநாட்டுத்தான் வாங்குனீங்க."

"அன்று எங்களிடம் மருந்து கொடுக்க உத்தரவு இல்லை. ஆகவே நோய் இல்லை. இன்று மருந்து கொடுத்தாகிவிட்டது. ஆகவே நோய் இருந்திருக்க வேண்டும். இதில் என்ன குழப்பம்?"

சின்னையன் தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த விரல் வாரியத்துக்கு நிறைய வேலை செய்திருந்தது.

"புள்ளை அதைக் கக்கிருச்சு, நெய்யும் கீரையுந்தான் கண்ணக் குடுத்துதுன்னு எழுதுங்க. பத்து வெரலையும் வெக்கறனுங்க."

"அப்படி எழுதக் கட்டம் இல்லை."

"அப்ப வெரலும் இல்லீங்க."

வாதம் நீண்டது. பொழுது இறங்கிவிட்டது. கடைசியில் காளியண்ணன் கோபத்தோடு கிளம்பினார். பாறைக்குக் கீழே டோலி நின்றது. அதுவரை நடக்க வேண்டும். வழிகாட்டச் சின்னையனும் கூடவே போனான். மாரி முன்னால் துள்ளிக்கொண்டு போனாள்.

மங்கிய வெளிச்சத்தில் முதலில் கறுத்துப்போகும் நிறம் சிவப்பு. பட்டப்பகலில் நெருப்பாக எரிகிற எண் ஏழு, அந்த நேரத்தில் பாறையின் நிழல்போலத்தான் இருக்கும். சின்னையன் கண்ணுக்கே அது படவில்லை. மாரி நின்றாள்.

"சாமி, அங்க கால் வெக்காதீங்க! உங்க எண்ணெ கெடக்குது. மினுமினுன்னு தெரியுது பாருங்க."

"ஐந்து மணிக்கு மேல் குழந்தைக்குக் கண் தெரியுமா தெரியாதா என்று வாரியம் இன்னும் முடிவு செய்யவில்லை," என்று சொல்லி, காளியண்ணன் காலை வைத்தார்.

கால் முன்னால் போயிற்று. உடம்பு பின்னால் போயிற்று. அவர் பாறையில் உட்கார்ந்தபடியே நாலு முழம் வழுக்கி, கவிழ்ந்த டின்னுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் செத்த எலியின் நாற்றம். அண்ணாமலை ஓடிவந்து கைகொடுத்தார்.

"ரிஜிஸ்டரில் ஏதும் எழுதணுங்களா?"

"மணி என்ன?"

"ஆறே முக்காலுங்க."

"ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது," என்றார் காளியண்ணன். "எதுவும் நடக்கவில்லை."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பாறையைத் தடவித் தடவி அவர் இறங்கினார். மாரி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, சாமிக்கு வெளக்க ஆரு அணைச்சது?"